நாலு சின்ன வெங்காயம்

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து நாலு வயது. சிஷ்யைக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் ஜெசிந்தா. ஊர் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். எல்லோரும் அவளை கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். சிஷ்யையின் பெயர் தங்கபுஷ்பம். பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். மூட்டுவலிக்கு நீச்சல் நல்லது என்று யாரோ சொல்லக் குளத்துக்கு வந்தார். மூட்டுவலி ஆறு மாதத்தில் போய்விட்டது. டீச்சர் போகவில்லை.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஷவருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் எல்லோருடைய பெயரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருக்கும். காலையில் வருகிறவர் உடம்பு நன்றாக இருந்தால் தன் பெயருக்கு நேரே சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். போட்டால் தண்ணீருக்குள் இறங்கலாம். போடாவிட்டால் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஏன் போட்டாய் என்றும் கேள்வி இல்லை, ஏன் போடவில்லை என்றும் கேள்வி இல்லை.

முதல் நாளே டீச்சருக்குச் சிரிப்பு வந்தது.

"ஏம்மா கோச், நெத்தியைத் தொட்டுப் பார்க்க மாட்டியா?"

கோச் திரும்பவில்லை. டீச்சர் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க டீச்சர்," என்று கோச் தன் வலது பக்கத்தைக் காட்டினாள்.

டீச்சர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். சின்ன வயதில் நாலு பேருக்கு மேலே நிற்கக் கிடைத்தால் இப்படித்தான், நிற்கிற பக்கத்துக்கெல்லாம் சட்டம் போடத் தோன்றும். இருந்தாலும் வலது பக்கம் போய்ச் சொன்னார்.

"நெத்தியைத் தொட்டுப் பார்க்க மாட்டியான்னு கேட்டேன். நாக்கை நீட்டச் சொல்ல மாட்டியா?"

"மாட்டேன் டீச்சர்."

"இப்படி ஒரு பலகையை என் ஸ்கூல்ல மாட்டியிருந்தா திங்கட்கிழமை ஒரு பிள்ளை கோடு போட்டிருக்காது."

"போட்டிருக்காது," என்றாள் கோச். சாக்பீஸை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தாள்.

மூன்று வருஷம் போனது. தண்ணீரைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த டீச்சர் ஐம்பது மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள் நீந்தினார். மாநில அளவில் மூத்தோர் நீச்சல் போட்டி வந்தது. கோச் பெண்கள் ரிலேவுக்கு நாலு பேரைச் சேர்த்தாள். ஆளுக்கு ஐம்பது மீட்டர். நாலு பேரின் வயதையும் கூட்டினால் இருநூறுக்குக் குறையக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. ஜமீலாவுக்கு ஐம்பத்து நாலு. மற்ற இருவருக்கும் ஐம்பது ஆகவில்லை. டீச்சரின் அறுபத்தொன்றுதான் கூட்டுத்தொகையை இருநூறைத் தாண்ட வைத்தது. டீச்சர் இல்லையென்றால் அணியே இல்லை.

"உலகத்துல எங்க போனாலும் பொம்பளை வயசைக் குறைச்சுத்தான் சொல்லணும்," என்றாள் ஜமீலா. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுப்பவள். "இங்க ஒண்ணுதான் கூட்டிச் சொன்னா மெடல் கொடுக்கிறாங்க. விடாதீங்க டீச்சரக்கா."

டீச்சரும் விடுவதாக இல்லை. முப்பத்தொரு வருஷம் விளையாட்டு விழா மேடையில் நின்று மற்றவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்த கை அது. ஒரு தடவைகூட வாங்கியதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டு வரவேற்பறையில் ஓர் ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தார். அதில் எதை மாட்டப்போகிறார் என்று மருமகள் கேட்டதற்கு, கேலண்டர் என்றார்.

போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "வைரல் காய்ச்சல். நெஞ்சுலயும் சளி இருக்கு. பத்து நாள் தண்ணி பக்கமே போகக் கூடாது."

"ஆறாம் நாள் எனக்குப் போட்டி இருக்கு."

"காய்ச்சலோட உடம்பை வருத்தினா இதயத்துக்குப் போகலாம். உங்க வயசுக்கு அது விளையாட்டு இல்லம்மா."

டீச்சர் மருந்துச் சீட்டை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் போட்டார். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஆறு மணிக்குக் குளத்துக்கு வந்தார். பலகையில் கோடு போட்டார். எப்போதும் போடுவதைவிடக் கொஞ்சம் நீளமான கோடு.

அன்றைக்கு ஐம்பது மீட்டருக்கு ஒரு நிமிஷம் பத்து விநாடி ஆனது. கரையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். கோச் விநாடிக் கடிகாரத்தைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள்.

"போதும் டீச்சர். நாளைக்கு வாங்க," என்றாள்.

அவ்வளவுதான். டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது. முப்பத்தொரு வருஷம் அவர் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார். வயிற்றுவலி, தலைவலி, செத்துப்போன தாத்தா மறுபடியும் செத்தது, எல்லாவற்றையும் வாசலிலேயே வைத்துப் பிடித்தவர். இந்தப் பெண்ணுக்கு ஒரு காய்ச்சலைப் பிடிக்கத் தெரியவில்லையே. தான் பிடிபட வேண்டும் என்று டீச்சர் நினைக்கவில்லை. ஆனால் யாரும் பிடிக்காதது அவருக்குப் பொறுக்கவில்லை.

உடை மாற்றும் அறையில் துண்டை வாங்கும்போது ஜமீலாவின் கை பட்டது.

"என்ன டீச்சரக்கா, கை அடுப்பு மாதிரி இருக்கு?"

"வெயில்ல நடந்து வந்தேன்."

"ஆறு மணிக்கா?"

"வாயை மூடிக்கிட்டுத் தலையைத் துவட்டு."

ஜமீலா தலையைத் துவட்டினாள். அந்தக் குளத்தில் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

இப்படியே நாலு நாள். நாலு மாத்திரை, நாலு கோடு. ஐந்தாம் நாள் குளத்துக்கு லீவு. டீச்சர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெறும் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

ஆறாம் நாள் அதிகாலை ஐந்து பேரும் பஸ் ஏறினார்கள். கோச் பலகையை ஆணியிலிருந்து கழற்றி, போர்வையில் சுற்றி, ஜன்னலோரச் சீட்டில் சாய்த்து வைத்திருந்தாள்.

"இதுக்கும் டிக்கெட்டா கோச்?" என்றாள் ஜமீலா.

"கோடு போட்டுட்டுத் தூங்குங்க," என்று கோச் சாக்பீஸை நீட்டினாள்.

நாலு பேரும் போட்டார்கள். பஸ் குலுங்கியதில் டீச்சரின் கோடு மட்டும் வளைந்துவிட்டது.

போட்டி நடந்த குளத்தின் வாசலில் ஒரு நர்ஸ் நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். எதிரே ஜூஸ் கடை இருந்தது. ஐஸ் வாங்கித் துண்டில் முடிந்து, வரிசையில் நின்றபடி நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோல் ஒற்றி ஒற்றி எடுத்தார். திருடர்களைப் பிடித்தவருக்குத் திருட்டு தெரியாமல் போகுமா?

"தொண்ணூத்தேழு. நல்லாயிருக்கு. போங்கம்மா," என்றாள் நர்ஸ்.

ரிலேவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தகரக் கூரையின் நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பலகை தூணில் சாய்ந்து நின்றது. கோச் கடைசியில், டீச்சருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, ரப்பர் தொப்பிகளுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது காது டீச்சர் பக்கம் இருந்தது.

டீச்சருக்கு மாத்திரையின் வேலை முடிந்துகொண்டிருந்தது. கண் எரிந்தது. காய்ச்சல் ஏறும்போது சிலருக்குப் பேச்சு வரும். அவருக்கும் வந்தது.

"காய்ச்சல் பார்க்கிறாளாம் காய்ச்சல். இந்த மிஷினெல்லாம் இல்லாமலே நான் பார்ப்பேன். அக்குள்ள வெங்காயத்தை வெச்சுட்டு வந்து நிப்பாளுங்க, காய்ச்சல்னு."

"வெங்காயம் வெச்சா நெஜமாவே சுடுமா டீச்சரக்கா?"

"சுடும்னு பிள்ளைங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஒருத்தி இருந்தா, கேளு. ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு. எட்டாங்கிளாஸ். ரிலேல ஓட வேண்டியவ. எங்கிட்ட வந்து நிக்கிறா, காய்ச்சல் அடிக்குது டீச்சர், ஓட முடியலைன்னு. தொட்டுப் பார்த்தேன், சுடுது. வெயில்ல நின்னா யாருக்குத்தான் சுடாது? பையைக் கவுத்தேன். உள்ள நாலு வெங்காயம்."

மற்ற இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"விட்டேனா? மேடைக்குக் கூட்டிட்டுப் போய் மைக்கைப் பிடிச்சேன். வெங்காயத்தை உள்ளங்கையில வெச்சுத் தூக்கிக் காட்டினேன். பிள்ளைகளே, இதுதான் இவளோட காய்ச்சல்னேன். அறுநூறு பிள்ளைங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் அந்த ஸ்கூல்ல ஒருத்தி காய்ச்சல்னு வாயைத் திறக்கலை."

"அந்தப் பொண்ணு பேர் என்ன?"

"பேரா? மறந்துபோச்சு. வெங்காயம்னுதான் ஞாபகம்."

எல்லோரும் சிரித்தார்கள். கோச் ஒரு தொப்பியை உதறி மடியில் வைத்தாள்.

"பெரிய வெங்காயமா டீச்சர், சின்ன வெங்காயமா?"

"சின்னது."

"உரிச்சதா, உரிக்காததா?"

டீச்சர் வாயைத் திறந்தார். உள்ளங்கையைப் பார்த்தார். அன்றைக்கு மேடையில் அந்தக் கையைத்தான் தூக்கினார். அதில் தோல் ஒட்டவில்லை, சருகு ஒட்டவில்லை. ஈரமாக இருந்தது. விழா முடிந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசனை போகவில்லை.

"உரிச்சது," என்றார்.

முதலில் சிரிப்பை நிறுத்தியவள் ஜமீலா. முப்பது வருஷமாக மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தவள் அவள்தான்.

"உரிச்ச சின்ன வெங்காயத்தை யார் டீச்சரக்கா அக்குள்ள வெப்பா? அது பழைய சோத்துக்குக் கடிச்சுக்க." கொஞ்சம் தயங்கினாள். "பையில தூக்குவாளி ஏதும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

குளத்தில் யாரோ குதித்த சத்தம் கேட்டது.

"அப்புறம் என்ன ஆச்சு டீச்சர்?" என்றாள் கோச்.

"ஓடினா."

"ம்."

"மூணாவது வந்தாங்க. நான்தான் சான்றிதழ் கொடுத்தேன். வாங்காம கையைக் கட்டிட்டே நின்னா. திமிருன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ ஸ்கூலுக்கு வரலை. டி.சி. வாங்கிட்டுப் போயிட்டதா ஆபீஸ்ல சொன்னாங்க."

"எங்க அப்பாதான் வந்து வாங்கினார்," என்றாள் கோச்.

அவள் குரலில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. அடுத்த தொப்பியை எடுத்துப் பவுடர் போட்டாள்.

டீச்சர் அந்த முகத்தைப் பார்த்தார். மூன்று வருஷமாக ஒவ்வொரு காலையும் பார்த்த முகம். அதில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தேடினார். கிடைக்கவில்லை. அன்றைக்கும் முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. வெங்காயத்தைத்தான் பார்த்தார். பல் கிட்டியது. காய்ச்சலாலா என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு பார்வை அவளுடைய இடது காதுக்குப் போனது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க டீச்சர்.

"உன் காது," என்றார்.

"பொன்னுக்கு வீங்கி. மறுநாள் காலையில கன்னம் வீங்கிடுச்சு. பத்து நாள்ல இந்தக் காது போச்சு."

"நான் ஓட வெச்சதாலயா?"

"இல்ல டீச்சர். ஓடாட்டியும் போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். காதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்ல."

சம்பந்தம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காதுக்கு என்றால் ஒரு மன்னிப்புக் கேட்டு அழுது முடித்திருக்கலாம்.

"மூணு வருஷமா ஏன் சொல்லலை?"

"நீங்க நீச்சல் கத்துக்கத்தானே வந்தீங்க."

"என்னைத் தெரிஞ்சும் சேர்த்துக்கிட்டியா?"

"மூட்டுவலின்னு சொன்னீங்க. சேர்த்துக்கிட்டேன்."

"அன்னைக்கு நான் என்ன செஞ்சிருக்கணும்? சொல்லு. ஒரு பிள்ளை வந்து நின்னா, அது நெஜமா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீ என்ன செய்வே?"

கோச் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. பெண்கள் ரிலே, இருநூறு வயதுப் பிரிவு, அணிகள் வந்து பெயர் கொடுக்கவும்.

"கூப்பிடுறாங்க," என்று கோச் எழுந்தாள். டீச்சரிடம் ஒரு தொப்பியை நீட்டினாள். "போட்டுக்கோங்க."

டீச்சர் தொப்பியை வாங்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பலகை அவருக்கு எதிரே இருந்தது. நாலு பெயர்களுக்கு நேரே நாலு கோடு. தன்னுடையது வளைந்திருந்தது.

"இதை நீ நம்பினியா?"

"கோடு இருக்குல்ல டீச்சர்."

"ஒரு நிமிஷம் பத்து விநாடி. கரையைப் பிடிச்சுட்டு இருமினேன். பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்."

"அப்போ தெரியும்ல?"

"கோடு போட்டிருந்தீங்க."

டீச்சர் கையை நீட்டினார். "தொட்டுப் பாரு. தொட்டுப் பார்த்துட்டு நீயே சொல்லு."

கோச் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தொட மாட்டேன் டீச்சர்."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. இந்தக் கைதான் அன்றைக்குத் தொட்டுப் பார்த்தது. சுட்டது என்று இப்போதுதான், கால் மணி நேரம் முன்பு, தன் வாயாலேயே சொல்லிச் சிரித்தார். தொட்டும், சுட்டும், அறுநூறு பேர் முன்னால் இல்லை என்று சொன்னார்.

ஒலிபெருக்கி இரண்டாம் தடவை கூப்பிட்டது. ஜமீலாவும் மற்ற இருவரும் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். ஒரு வருஷம் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்கள். அவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டீச்சர் குனிந்து கட்டைவிரலால் தன் கோட்டைத் துடைத்தார். ஒரு தடவையில் போகவில்லை. எச்சில் தொட்டு மறுபடியும் துடைத்தார்.

பிறகு நடந்து கோச்சின் வலது பக்கம் போய் நின்றார். முப்பத்தொரு வருஷம் அவர் முன்னால் பிள்ளைகள் நின்ற மாதிரி, அவர் கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன.

"எனக்குக் காய்ச்சல் அடிக்குது," என்றார். "ஆறு நாளா."

ஜமீலா தொப்பியை மெதுவாகக் கழற்றினாள்.

கோச் டீச்சரைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "உட்காருங்க டீச்சர்."